நார்மல் அக்காவின் ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியின் மரபணு ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘நார்மல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஆனால் அவளோடு ஒருநாள் பழகியவர்கள்கூட அவளை நார்மல் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் கால் வைக்கமாட்டாள், மூன்று மாடியும் படிக்கட்டுதான். தெருவோரம் நாய் தூங்கிக்கொண்டிருந்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். போன் அடித்தால் முதலில் தோள் துள்ளும், அப்புறம்தான் கை போகும். பலூன் கட்டிய பிறந்தநாள் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் அவள் புருஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததற்கே மயங்கி விழுந்தவள் அவள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைப்பார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவாள். பயந்த பிள்ளை, பயத்தில் மயங்குகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று டீச்சரும் நினைத்தார், பெற்றவர்களும் நினைத்தார்கள். முதலில் பயம், பிறகு மயக்கம் என்று வீட்டில் அத்தனை பேரும் அந்த வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். வரிசையைப் படிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்ட பிறகும் இந்த ஒரு வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. சொந்த வீட்டு விஷயம் என்றால் எல்லோருக்குமே கண் கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.

அவள் பயத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், நீச்சலில் கெட்டிக்காரன். கல்லூரிப் போட்டி ஒன்றில் விசில் ஊதியதும் குதித்தவன் மேலே வரவேயில்லை. தசை பிடித்துக்கொண்டிருக்கும் என்றார்கள், தலை அடியில் இடித்திருக்கும் என்றார்கள். அவனுடைய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கரையில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு எந்தக் குளத்துப் பக்கமும் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. பயத்துக்கு மருந்து பழக்கம்தான் என்று சொல்லி அவள் புருஷன் மகளைச் சின்ன வயதிலேயே நீச்சலில் சேர்த்துவிட்டான். மகள் மாமாவைக் கொண்டு பிறந்திருந்தாள். பள்ளி அணிக்கு இப்போது அவள்தான் தலைவி. மேடையில் நின்று பரிசு வாங்கும் படங்களை அம்மாக்காரி ஆசையாகப் பார்ப்பாள், தண்ணீருக்குள் இருக்கும் படம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு ‘நார்மல்’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தின் வேலையைச் சொல்வது எளிது. ஒருவருடைய ரத்தத்திலிருந்து டிஎன்ஏவை எடுத்து, அதிலுள்ள நாலே நாலு எழுத்துக்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று மெஷின் படித்துக் கொடுக்கும். அந்த நீள வரிசையைப் பொதுவான ஒரு மாதிரி வரிசைக்குக் கீழே எழுத்துக்கு எழுத்து நேராக வைப்பார்கள். எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்தி, இந்த மாற்றம் ஆபத்தானதா, ஆபத்தில்லாததா, ஒன்றும் சொல்ல முடியாததா என்று வகை பிரிக்க வேண்டும். சொல்ல முடியாதவற்றின் கூடைதான் எப்போதும் நிரம்பி வழியும். பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிற இடமாயிற்றே, அந்தக் கூடைக்கு மட்டும் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வகை பிரிப்பதுதான் அவளுடைய வேலை. அந்த வேலைக்குப் பயந்தாங்கொள்ளிகள் ரொம்பப் பொருத்தம். ஓர் எழுத்தை ஆபத்தில்லை என்று தள்ளுவதற்கு முன் அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

மாதிரி வரிசை மட்டும் போதாது, கூடவே ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஓர் ஆளும் வேண்டும் அல்லவா. ஆய்வகம் தொடங்கிய புதிதில் இதற்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு ஆஸ்துமா, தலைமை டாக்டரம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள் அவள் ஒருத்திதான். ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டாள். அன்று முதல் நோயாளிகளின் சாம்பிள்களோடு அவளுடையதும் ஒரு குழாயில் மெஷினுக்குள் போய்வரும். குழாயின் மேல் ‘நார்மல்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். அந்தப் பெயரைக் குழாயிலிருந்து எடுத்து அவளுக்குச் சூட்டியவர் சல்லடைக்காரர்.

சல்லடைக்காரர் என்பவர் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள். கனத்த உடம்பு, ஓயாத வாய். முன்பு ஒரு பேங்கில் இருந்தவர். யாராவது திருட்டுக் கார்டைப் பயன்படுத்தினால் கண்டுபிடிக்கிற நிரல் எழுதுவது அங்கே அவர் வேலை. ஒருவர் வழக்கமாக எங்கே, எந்த வரிசையில் செலவு செய்கிறார் என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டால், வழக்கத்துக்கு மாறாக வருவதை அது பிடித்துக் கொடுத்துவிடும். “செலவா இருந்தா என்ன, எழுத்தா இருந்தா என்ன, எல்லாம் வரிசைதான்” என்பார். “வழக்கமா இருக்கறத எல்லாம் தள்ளிடு. மிச்சம் நிக்கறவன்தான் திருடன்.”

மெஷின் ஒவ்வொருவருக்கும் மூட்டை மூட்டையாக மாற்றங்களைக் கொட்டும். அவற்றைச் சலிக்க அவர் ஒரு நிரல் எழுதினார், அதனால்தான் அந்தப் பெயர் அவருக்கு. அந்தச் சல்லடையில் பல விதிகள் உண்டு. அதில் ஒன்று, நோயாளியிடம் இருக்கும் மாற்றம் நார்மலிடமும் இருந்தால் அதை ஆபத்தில்லாதது என்று ஒதுக்கிவிட வேண்டும் என்பது. அக்கா நம் கண் முன்னால் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் இருக்கிற எழுத்து இன்னொருவரை எப்படிக் கொல்லும் என்பதுதான் நியாயம். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும்தான் ஆட்டினாள்.

சல்லடைக்காரருக்கு அவள்மேல் பாசம் உண்டு. ஆய்வகத்து ஃப்ரீசர் கதவைச் சரியாக மூடாவிட்டால் அது காது கிழியக் கத்தும். ஒருமுறை அது கத்தியபோது பக்கத்தில் நின்றிருந்த அவள் நாற்காலியோடு சரிந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எழுந்து உட்கார்ந்த பிறகு அவளும் அசடு வழியச் சிரித்தாள். மறுநாள் பார்த்தால் ஃப்ரீசரின் ஒலிபெருக்கி மேல் தடித்த பிளாஸ்டரை ஒட்டி, ‘நார்மல் அக்கா நலம் கருதி’ என்று சல்லடைக்காரர் எழுதி வைத்திருந்தார். அது பல வருஷமாக அப்படியே இருந்தது.

ஒருநாள் காலையில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். சாம்பிளைக் கீழே கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போனால் போதும். அவர் போகாமல், மகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். சீருடையில் இருந்தார், டியூட்டிக்கு நடுவில் வந்திருக்க வேண்டும்.

“இந்த எழுத்தெல்லாம் பாக்கறது யாருங்க?” என்று கேட்டார்.

“நான்தாங்க” என்று அவள் வெளியே வந்தாள்.

“ரெண்டு வருஷம் முந்தி என் சம்சாரத்தோட ரத்தத்தையும் இங்கதான் பாத்தீங்க. காலைல என் டியூட்டிக்காக அலாரம் வெச்சிருந்தேன். அது அடிச்சதும் எழுந்து உக்காந்தா, அப்படியே சாஞ்சுட்டா, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. ஆஸ்பத்திரில எடுத்த ரத்தத்த ஹார்ட் டாக்டர் இங்க அனுப்பினாரு. ஒண்ணும் இல்லன்னு எழுதி வந்துது. அப்ப பிள்ளைங்களுக்குப் பயமில்லன்னு அவரும் சொல்லிட்டாரு.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “போன மாசம் பையன் போயிட்டான். ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம். துப்பாக்கி வெடிச்சதும் மத்த பசங்க ஓடினாங்க. இவன் கோட்டுலயே விழுந்தான்.”

“ஐயோ” என்பது மட்டும் அவள் வாயில் வந்தது.

“இப்ப இவ. பக்கத்து வீட்டுல பாத்திரம் விழுந்த சத்தத்துல மயங்கிட்டா. நல்லவேளை, எழுந்துட்டா. இந்தத் தடவை ரெண்டு வாட்டி பாருங்க மேடம். வேற ஒண்ணும் கேக்கல.”

அந்தச் சின்னப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. அப்போது யாரும் சத்தம் போடவில்லை. யாராவது போட்டுவிடுவார்களோ என்று பொத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுடைய கையும் தானாகக் காதுப் பக்கம் போயிற்று. அவளுக்குத்தான் எதைக் கண்டாலும் பயமாயிற்றே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாளில் அந்தப் பெண்ணின் வரிசை வந்தது. இதயத் துடிப்பு சம்பந்தமான மரபணுக்கள் அத்தனையையும் அவள் பார்த்தாள். ஒன்றுமில்லை. தாயின் பழைய வரிசையையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் ஈசிஜியில் கோளாறு தெளிவாகத் தெரிகிறது, எழுத்தில் எங்கேயோ இருந்தே தீர வேண்டும் என்று ஹார்ட் டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். ரெண்டு வாட்டி பாருங்க என்ற டிரைவரின் குரல் காதிலேயே நின்றது. மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் அவள் சல்லடைக்காரரின் மேஜைக்குப் போனாள்.

“சல்லடைய எடுத்துட்டுப் பாக்கணும்.”

“எடுத்தா குப்பை மொத்தமும் தலைல கொட்டும், அக்கா. ஒரு வாரம் பொறுக்கணும்.”

“மொத்தமும் வேணாம். ஹார்ட் சம்பந்தப்பட்டது மட்டும். தாய்க்கும் மகளுக்கும் ரெண்டு பேருக்கும் இருக்கறது மட்டும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். திரையில் சில வரிகள் வந்தன. பெரும்பாலானவை ஊர் உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற மாற்றங்கள். ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தை அடுத்த துடிப்புக்குத் தயார்செய்கிற மரபணு அது. அதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் பதிந்து வைக்கிற பொதுத் தொகுப்பில் அவள் அதைத் தேடினாள். இரண்டு ஆய்வகங்கள் வெகு நாளைக்கு முன்பே அதை ஆபத்தானது என்று பதிந்திருந்தன. திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம், நீச்சலும் கூடாது என்று போட்டிருந்தது.

“இவ்வளவு பெரிய திருடன சல்லடை எப்படி விட்டுச்சு?” என்றார் சல்லடைக்காரர். ஒதுக்கியதற்கான காரணம் வரியின் கடைசியில் இருக்கும். அவர் திரையை நகர்த்தினார். ‘நார்மலில் உள்ளது’ என்று இருந்தது.

“அட, நம்ம நார்மல்ல…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த ஓயாத வாய் மூடியதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவள் தன்னுடைய வரிசையைத் தானே திறந்தாள். மெஷின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சின்ன மலை மாதிரிக் கோடாக வரைந்து காட்டும். அந்த இடத்தில் ஒரு மலை இருக்க வேண்டியதற்குப் பதிலாக, இரண்டு நிறத்தில் இரண்டு மலை ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது. ஒன்று சரி, ஒன்று தப்பு. இத்தனை வருஷமாக மெஷினுக்குள் போய்வந்துகொண்டிருந்த ரத்தம். பள்ளிக்கூட மணி, ஃப்ரீசர், அண்ணனின் விசில் எல்லாம் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. முதலில் வந்தது மயக்கம். பயம் அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவளுடைய உடம்புக்குத் தெரிந்த விஷயம் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

தனக்காகப் பயப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நினைப்பு மகள். இன்றைக்கு நீச்சல் பயிற்சி இருக்கிறது. போட்டி நெருங்குகிறது என்று வாத்தியார் தினமும் குதிக்க வைக்கிறார். விசில் ஊதிக் குதிக்க வைக்கிறார்.

போனை எடுத்தாள். நீச்சல் வாத்தியார் எடுக்கவில்லை, தண்ணீர் பக்கத்தில் யார் போனை வைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவசரத்தில் புருஷனுடைய எண்ணுக்குப் பதிலாக வேறு யாருக்கோ போயிற்று. சல்லடைக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நட, அக்கா. ஓடாதே. உனக்கும் ஆகாது.”

அவருடைய காருக்கு ஹார்ன்தான் உயிர், பிரேக்கைவிட அதைத்தான் அதிகமாகப் பயன்படுத்துவார். அன்று ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. முன்னால் ஒரு லாரி மறித்து நின்றபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இருந்த அந்தப் பெண்ணும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. கடவுளே, இன்னும் குதித்திருக்கக் கூடாது, இன்னும் குதித்திருக்கக் கூடாது என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நீச்சல்குளத்தின் வாசலைத் தாண்டியதும் குளோரின் வாடை முகத்தில் அடித்தது. அண்ணன் போன நாளிலும் இதே வாடைதான். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. எதிர்க்கோடியில் பெண்கள் வரிசையாகக் குதிக்கும் மேடைகளில் குனிந்து நின்றார்கள். நடு மேடையில் நீலத் தொப்பி போட்டவள் அவளுடைய மகள். வாத்தியார் பக்கவாட்டில் நின்றிருந்தார். விசில் அவர் வாயில் இருந்தது.

கத்து என்று மனம் சொன்னது. வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கத்தினால் அதுவும் ஒரு திடீர்ச் சத்தம்தானே. விசில் செய்வதை அவள் குரலே செய்துவிடலாம். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற ‘நில்லு’ என்று ஒரு வார்த்தை கத்த முடியாது என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்.

அவள் நடந்தாள். வழுக்குகிற ஈரத் தரையில், தண்ணீரின் விளிம்பை ஒட்டி, பக்கத்தில் பார்க்காமல் நடந்தாள். வாத்தியார் கையை உயர்த்தினார், கன்னம் உப்பியது. அவள் எட்டி அவர் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

வாத்தியார் பேயறைந்தவர் போல நின்றார். பெண்கள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அம்மா?” என்றாள் மகள். “நீ எங்க இங்க? என்ன பண்ற நீ?”

“இறங்கி வாம்மா” என்று அவள் மிக மெதுவாகச் சொன்னாள். “மெதுவா இறங்கி வா. குதிக்காதே.”

“எல்லாரும் பாக்கறாங்கம்மா. மானம் போகுது.”

“போகட்டும். நீ வா.”

மகள் மேடையிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. விசிலைப் பிடித்திருந்த விரல்களைச் சல்லடைக்காரர் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே இரண்டு பேருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். தாய்க்குக் கோளாறு லேசாகத் தெரிந்தது, மகளுக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்த வாரம் மகளின் வரிசையும் வந்தது. அதைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, சல்லடைக்காரர்தான் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் சொல்லாததே போதுமாக இருந்தது. இருவருக்கும் தினம் ஒரு சின்ன மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும் என்றார் ஹார்ட் டாக்டர். நீச்சல் கிடையாது. மகள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. புருஷன் வீட்டிலிருந்த அலாரத்தை எடுத்துப் போட்டான், அழைப்புமணியின் வயரைப் பிடுங்கினான், பிறகு சமையலறையில் போய் நின்று அழுதான். நீச்சலில் சேர்த்தவன் அவன்தானே.

டிரைவரின் மகளுக்கும் அன்றே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் அதற்கும் ஆபத்து குறைவு. ஆனால் அந்த மாத்திரை ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் பையன் இருந்திருப்பான். ஆய்வகத்தில் எல்லோருக்கும் இது தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தலைமை டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ரிப்போர்ட்ட திருத்திக் கொடுத்தாச்சு. பழைய சாம்பிள் எல்லாத்தையும் மறுபடி சலிச்சாச்சு. வேற யாரும் இந்த எழுத்துல மாட்டல. அந்த ஒரு குடும்பம்தான்.”

“ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்?”

“மறு ஆய்வில் கண்டறியப்பட்டதுன்னு.”

“ஏன் முதல்லயே கண்டுபிடிக்கலன்னு?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேரம் பாத்து நான் சொல்றேன். நீங்க இப்ப ஓய்வெடுங்க.” அவர் குரலும் லேசாக நடுங்கியது. பயம் என்ன, அவள் ஒருத்தியின் பரம்பரைச் சொத்தா.

அன்று சல்லடைக்காரர் அவளிடம் இன்னொன்றையும் காட்டினார். அந்த ஓர் எழுத்தின் இரண்டு பக்கமும் நெடுந்தூரத்துக்கு, டிரைவர் மனைவியின் வரிசையும் அவளுடைய வரிசையும் எழுத்து பிசகாமல் ஒன்றாகவே போயின. தற்செயலாக அவ்வளவு நீளம் ஒத்துப்போகாது. எந்தக் காலத்திலோ இருவருக்கும் பாட்டன் பூட்டன் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். “சொந்தம்க்கா” என்றார் அவர். “உனக்குத் தங்கச்சி முறையோ அக்கா முறையோ, யார் கண்டா.” பிறகு தன் மேஜைக்குப் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். அந்த விதியை எழுதிய நாளிலிருந்து அதைப் பற்றித் தான் பெருமைப்படாத நாளே கிடையாது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

டாக்டரம்மா பார்க்கிற நேரம் வரவேயில்லை. அவளுக்கோ சோறு இறங்கவில்லை. மகள் மாத்திரையை விழுங்கும் ஒவ்வொரு காலையிலும், கோட்டிலேயே விழுந்த ஒரு பையன் அவள் கண் முன்னால் வந்தான். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாததால் அண்ணனின் முகத்தோடு வந்தான். கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவள் புருஷனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

“நானும் வரேன்” என்றான்.

“வேணாங்க. நீங்க வந்தா நான் உங்க பின்னாடி ஒளிஞ்சுக்குவேன்.”

டிரைவரின் வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் இருந்தது. லிஃப்ட் இருந்தது, அவள் படியில் ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் திரும்பிவிடலாமா என்று நின்றாள். அவர் அடிப்பாரோ என்று பயமாக இருந்தது. அழுவாரோ என்பது அதைவிடப் பயமாக இருந்தது. கதவருகே போய் அழைப்புமணியைப் பார்த்தாள். அதன் பொத்தான் மேல் தடித்த பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, ஆய்வகத்து ஃப்ரீசரில் ஒட்டியிருந்த மாதிரியே. விரலை மடக்கி ஒற்றை மூட்டால் கதவை மெல்லத் தட்டினாள்.

டிரைவர் கதவைத் திறந்தார். “மேடம், நீங்களா. வாங்க. மெதுவா வாங்க, பாப்பா தூங்கறா.” அவர் முகத்தில் நன்றி இருந்தது. “அன்னிக்கு ரெண்டு வாட்டி பாருங்கன்னு சொன்னேன், பாத்துட்டீங்க. உங்க கையப் பிடிச்சுக் கும்பிடணும்னு இருந்தேன்.”

அந்த நன்றி முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. உட்காராமல், வாசலுக்கு உள்ளே நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். தன் ரத்தம்தான் நார்மல் என்று வைத்திருந்தது. தன்னிடம் இருப்பதை எல்லாம் ஆபத்தில்லை என்று தள்ளிவிடுகிற விதி. அவர் மனைவியிடம் இருந்த அதே எழுத்து தன்னிடமும் இருந்தது, அதனால்தான் ரெண்டு வருஷம் முன்பு அது யார் கண்ணிலும் படாமல் போனது. “அப்பவே தெரிஞ்சிருக்கணும்ணா. நாங்கதான் மறைச்சுட்டோம். தெரியாமத்தான், ஆனா மறைச்சது நாங்கதான்.” சார் என்றெல்லாம் இல்லாமல் அண்ணா என்றுதான் அவளுக்கு வந்தது.

“உங்களுக்குப் பிள்ளைங்க?” என்று அவர் கேட்டார்.

“ஒரு பொண்ணு.”

“அதுக்கும் இருக்கா?”

“இருக்கு. மாத்திரை போடறா. நல்லா இருக்கா.” இதற்கு மேல் சொல்ல வேண்டியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. “உங்க பையன் போகலன்னா நான் திரும்பப் பாத்திருக்க மாட்டேன். என் பொண்ணு தண்ணில குதிச்சிருப்பா.”

அவர் முகத்திலிருந்து நன்றி போய்விட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. அவள் தோள் துள்ளத் தயாராகி நின்றது. வரட்டும் என்று நினைத்தாள். அவர் கத்தட்டும், தெருவே கூடட்டும், அதை வாங்கிக்கொள்ளத்தானே வந்திருக்கிறோம்.

சத்தம் வரவில்லை. அவர் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மறுபடி பேசியபோது, பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிறவர் குரல் போல அது வந்தது.

“கத்தணும் போல இருக்கும்மா. உங்கள நிக்க வெச்சு, தொண்டை கிழிய, இந்தக் கட்டடமே இடியற மாதிரி கத்தணும் போல இருக்கு.” அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, குரல் மட்டும் ஏறவில்லை. “என் பையனுக்காக ஒரு தடவை கத்தக்கூட முடியல பாத்தீங்களா. அவ தூங்கறா. உங்களுக்கும் ஆகாது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். அவர் கைப்பிடியைக் கடைசிவரை விடாமல் பிடித்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.